நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே

துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாக எழும் விதத்தை விளக்கப் பௌத்தம் கூறும் பன்னிரு சார்புகளை மணிமேகலை அழகிய தமிழில் வரிசைப்படுத்துகிறது. அவற்றின் இடையில் வரும் வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் ஐந்தும், ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகின்றன. கண் என்னும் வாயிலில் நிறம் வந்து படுவது ஊறு. அது இனியதாகவோ இன்னாததாகவோ இரண்டுமற்றதாகவோ உள்ளே உணரப்படுவது நுகர்வு. இனியது இன்னும் வேண்டும் என்று மனம் எழுவது வேட்கை. இவை அனைத்தும் நொடிப்பொழுதில் நடந்துவிடுவதால், 'பிடித்திருக்கிறது' என்று சொல்லும்போதே நாம் ஓவியத்தை விட்டுவிட்டு நம் விருப்பத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தப்பட்டு 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பார்வையாளர்கள் ஒரு படைப்பின் முன் சராசரியாக 27 விநாடிகளே செலவிட்டதாகப் பதிவு செய்தது. இயல்பாக மூச்சு விடுபவருக்கு அது ஆறேழு மூச்சு. நானும் அப்படித்தான் பார்த்து வந்தேன். மூச்சைக் கவனிக்கும் தியானத்தில் சில ஆண்டுகள் பழகிய பிறகு, ஒரே படத்தின் முன் இருபது நிமிடங்கள் உட்கார்ந்து பார்த்தேன். அது ஒரு மண்குடமும் இரண்டு பழங்களும் வரையப்பட்ட சிறிய எண்ணெய் வண்ண ஓவியம். முதலில் பெயர்கள் வந்தன, பிறகு மதிப்பீடுகள் வந்தன, அதன்பின் முழங்கால் வலியும் கடுமையான சலிப்பும் வந்தன. சலிப்பும் ஒரு நுகர்வுதான் என்று குறித்துக்கொண்டு மீண்டும் குடத்துக்கே திரும்பினேன். அதன் அடியில் சாம்பல் நிற நிழல் என்று நான் நினைத்திருந்த பட்டை, பழுப்பின் மேல் மெல்லியதாகத் தேய்க்கப்பட்ட பச்சை என்பது வெகுநேரம் கழித்தே தெரிந்தது. அந்தப் பச்சை முதல் விநாடியிலிருந்தே அங்கேதான் இருந்தது.

வரையும்போது இது இன்னும் கடினம். தியானம் செய்தால் மனம் அமைதியாகும், அமைதியான மனத்திலிருந்து அமைதியான படங்கள் பிறக்கும் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அது தவறு. தியானம் எனக்கு அமைதியைவிடவும், மனம் எந்த இடத்தில் விலகியது என்று கண்டுகொள்ளும் பழக்கத்தையே கொடுத்தது. ஜப்பானிய ஜென் பௌத்த மரபில் 'என்சோ' எனப்படும் வட்டத்தை ஒரே வீச்சில் தூரிகையால் வரைகிறார்கள். தாள் மையை உடனே உறிஞ்சிவிடுவதால், இழுத்த கோட்டைத் திருத்த வழியில்லை. கை தயங்கிய இடத்தில் மை பரவி நிற்கும், விரைந்த இடத்தில் தூரிகை மயிரின் வரிகள் வெளுத்துத் தெரியும்.

(மன அமைதிக்கென்று விற்கப்படும் வண்ணம் தீட்டும் புத்தகங்களை இதனோடு சேர்த்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவை தரும் இளைப்பாறலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், தன்னை மறப்பதும் விழிப்போடு இருப்பதும் ஒன்றல்ல.)

திபெத்தியத் துறவிகள் பல நாட்கள் உழைத்து வண்ண மணலால் மண்டலம் என்னும் சமயக் கோலத்தை அமைத்து, முடிந்ததும் அதைக் கலைத்து நீரில் கரைத்துவிடுகிறார்கள். அதைக் காண எனக்கு நெஞ்சம் நெகிழும். ஆயினும் வரைந்ததை அழிப்பதே பற்றை விடுவது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டேன். படம் பாதியில் இருக்கும்போதே, அது நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே, அதன்மேல் எழும் ஆசையைக் கண்டுகொள்வதுதான் எனக்கு அதைவிடக் கடினமாக இருக்கிறது.

சென்ற வாரம் காய்ந்த இலை ஒன்றை மையால் வரைந்தேன். காம்பிலிருந்து நடுநரம்பின் பாதிவரை கோடு இலையோடேயே சென்றது. அங்கே, இதை யாரிடம் காட்டலாம் என்று ஓர் எண்ணம் எழுந்தது. அதன்பின் நான் வரைந்தது என் முன் இருந்த இலையின் வளைவை அல்ல, என் கைக்குப் பழக்கமான ஓர் அழகிய வளைவை. இரண்டும் சேரும் இடத்தில் கடுகளவு மை தேங்கிக் காய்ந்திருக்கிறது. அந்தத் தாளை மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.