அப்பிச்சி தோட்டத்தில் அம்மாவின் பங்கு எனக்கு வந்த வழி

அப்பா அம்மா இல்லாமல், அம்மா வீட்டு ஆட்களின் முகம்கூடத் தெரியாமல் வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா பிறந்த வீட்டில் கொஞ்சம் நிலம் இருந்தது என்று காதில் விழுந்திருந்தால் போதும். யார் வந்து காகிதத்தை நீட்டினாலும் விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, விட்டுப்போன தோட்டத்துக்காக எனக்கு அப்படி ஒரு காகிதம் வந்தது.

என் அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வடக்கே போர்வெல் போடப் போன இடத்தில் விபத்தில் இறந்துபோனார். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். 2009இல் காய்ச்சலில் அம்மாவும் போய்விட்டார். வீட்டை எதிர்த்து வேறு சாதியில் கட்டிக்கொண்டவர் என்பதால் எழவுக்குக்கூட அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. லைன் வீட்டுக்காரர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் காரியம் செய்தார்கள். என்னைக் கோவைப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டதும் அவர்கள்தான்.

இல்லத்தில் சோற்றுக்கும் படிப்புக்கும் குறை இல்லை. மே மாத லீவுதான் ஆகாது. மற்ற பிள்ளைகளை மாமாவோ சித்தியோ வந்து கூட்டிப் போய்விடுவார்கள். யாரும் வராத சிலர் மட்டும் அந்தப் பெரிய ஹாலில் பாய் விரித்துப் படுத்திருப்போம். இப்போது தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் அரசு கொடுக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தயவுசெய்து எழுதிப் போடுங்கள். எங்கள் காலத்தில் அது இல்லை.

பன்னிரண்டாவது முடித்ததும் திருப்பூருக்கே வந்து கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லருக்குப் பக்கத்தில் நின்றபடியே துணியை எடுத்துக் கொடுத்து, மடித்து, அடுக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போகும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். சனிக்கிழமை வாங்கும் சம்பளம் அடுத்த வெள்ளிக்குள் தீர்ந்துவிடும். அப்புறம் ஓவர்லாக் தையல் மெஷின் பழகி டெய்லர் ஆனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நான் குடியிருந்த லைன் வீட்டுக்கு வந்தார். கூடவே பத்திரம் எழுதுபவர் ஒருவர்.

"நான் உன்ற பெரிய மாமன் கண்ணு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு அம்மிணி, ரெண்டு லட்சம் தர்றோம். நாளைக்குக் கல்யாணம் காச்சின்னா உனக்கும் செலவு இருக்குதல்ல."

இரண்டு லட்சத்தை மொத்தமாக நான் பார்த்ததே கிடையாது. ஆனால் என் அம்மாவின் எழவுக்கு வராதவர் இத்தனை வருஷம் கழித்து என் விலாசத்தைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறார் என்றால், அந்தக் கையெழுத்து அவருக்கு அவ்வளவு தேவைப்படுகிறது என்று மட்டும் புரிந்தது. "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றனுங்க மாமா" என்று சொல்லி, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஓடிப்போனவளுக்கு ஏது பங்கு? ஒரு மொறைக்குத்தான் கேக்கறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அது விடுதலைப் பத்திரம். வெள்ளகோவில் பக்கம் அப்பிச்சி பெயரில் இருந்த ஏழரை ஏக்கரில் என் அம்மாவுக்குள்ள பாத்தியத்தை மாமன்கள் இருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. தேங்காய் உலர்த்தும் களம் போட நிலம் வாங்க வந்தவரின் வக்கீல், மகள் வாரிசு கையெழுத்து இல்லாமல் கிரயம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் லைனில் மூத்த டெய்லர் அக்கா ஒருவர் ஜீவனாம்ச வழக்கு நடத்தியவர். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு என்னைக் கூட்டிப் போனவர் அவர்தான். கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. பெண் என்றால் வருமான வரம்பு எதுவும் பார்ப்பதில்லை, இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள். ஆதார் நகலும் ஒரு மனுவும் கொடுத்தேன். எனக்குக் கிடைத்த வக்கீலம்மா போனில் இருந்த படங்களைப் படித்துவிட்டு முதலில் கேட்டது, "உங்க அப்பிச்சி உயில் எழுதி வெச்சாரா?" என்பதுதான்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. தானே சம்பாதித்த சொத்தை அவர் மகன்களுக்கு உயில் எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் கிடையாது. உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. அவருக்கு முன்பே மகள் இறந்திருந்தால் அந்தப் பங்கு மகளின் பிள்ளைகளுக்கு வரும். அப்பிச்சி 2016இல் உயில் இல்லாமல் இறந்திருந்தார். அடுத்து அம்மாயியும், அதாவது அம்மாவின் அம்மாவும், போய்விட்டதால் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. அம்மா யாரைக் கட்டினார் என்பதற்கும் பங்குக்கும் சம்பந்தமே இல்லை. கல்யாணத்துக்குச் சீர் செய்தாயிற்று என்று சொல்லிப் பங்கை மறுக்கவும் முடியாது. பட்டா மாமன்கள் பெயருக்கு மாறியிருந்ததே என்று பயந்தேன். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, அது மட்டுமே உரிமையைத் தீர்மானிக்காது என்றார் வக்கீலம்மா. பூர்வீகச் சொத்தாக இருந்தால் தமிழ்நாட்டின் 1989 திருத்தம், மத்திய அரசின் 2005 திருத்தம் என்று வேறு கணக்கும் பார்க்க வேண்டியிருக்குமாம். நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் 1981இல் அப்பிச்சி தன் பெயரிலேயே கிரயம் வாங்கியது தெளிவாக இருந்தது. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து நாமே பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் சுலபமாக இருந்தது. நான் என் அம்மாவின் மகள், அம்மா அந்த அப்பிச்சியின் மகள் என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. அம்மாவுக்கு வாரிசுச் சான்று கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். நானும் அம்மாவும் சேர்ந்திருக்கும் ரேஷன் கார்டு இல்லாமல் ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்குக் கார்டே கிடையாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்த பிறகு, பழைய லைன் வீட்டில் விசாரித்து, அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்கிச் சான்று கொடுத்தார்கள். இறப்புச் சான்றில் அம்மாவின் கூப்பிடும் பெயர்தான் இருந்தது. அதற்கு நோட்டரி முன்பு ஓர் உறுதிமொழிப் பத்திரம்.

மாமன் கொண்டுவந்த காகிதத்திலேயே "எங்கள் சகோதரியின் மகள்" என்று இருந்ததை வக்கீலம்மா குறித்துக்கொண்டார். ஆனால் கையெழுத்தாகாத காகிதம் கோர்ட்டில் எவ்வளவு நிற்கும்? அம்மா படித்த பள்ளியில் கேளுங்கள் என்றார்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை இரும்பு பீரோவைத் திறந்து, பைண்டிங் பிரிந்த சேர்க்கைப் பதிவேட்டையும், பழைய டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையையும் எடுத்துப் போட்டார். நீல மையில் அம்மாவின் முழுப்பெயர். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் அப்பிச்சி. தொழில், விவசாயம். அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது புருவத்துக்கு மேல் தழும்பு. என்னிடம் அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அந்தத் தழும்பு எனக்குத் தெரியும். படுத்திருக்கும்போது விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். கிணத்துப் படியில் விழுந்தது என்று அம்மா சொல்லியிருந்தார். எந்தக் கிணறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டீச்சர் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நகல் எடுத்துக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார்.

அப்புறம் மாமன்கள் இருவருக்கும், நிலம் வாங்க வந்தவருக்கும் வக்கீல் நோட்டீஸ் போனது. வாங்க வந்தவரோ, பிரச்சினை தீரும் வரை பாக்கிப் பணம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் மாமன்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். முதலில் ஐந்து லட்சம் என்றார்கள். அப்புறம் தடமே இல்லாத மூலையில் ஒரு துண்டைக் காட்டினார்கள். சின்ன மாமனின் மனைவிதான், "அவ பங்க அவளுக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருப்போமுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த அத்தையை நான் மறக்கமாட்டேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பங்கு பிரிக்கும்போது ஏக்கர் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, கரண்ட் சர்வீஸில் பங்கு, மோட்டார் ஓட்ட முறை நாள், ரோட்டிலிருந்து என் நிலம் வரை மாமூல் வண்டித்தடப் பாத்தியம், இத்தனையையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுத வைத்தார் வக்கீலம்மா. தடமும் தண்ணீரும் இல்லாத நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கம் எத்தனை பேர் அல்லாடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய மாமன் கடைசி வரை முரண்டு பிடித்தது கிணற்றுப் பங்குக்குத்தான். நானும் அதில் மட்டும் இறங்கி வரவே இல்லை.

முதலில் பாகப்பிரிவினை பதிவு, அப்புறம்தான் கிரயம் என்பதிலும் வக்கீலம்மா உறுதியாக இருந்தார். ரோட்டோரம் ஆளுக்கு ஒரு ஏக்கர் அந்தக் களத்துக்காரருக்குக் கொடுத்தோம். ஏக்கர் 35 லட்சம். பணம் என் வங்கிக் கணக்கில் ஏறிய மெசேஜை கம்பெனி டீ டைமில் பார்த்தேன். அந்த டெய்லர் அக்காவிடம் காட்டியபோது இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலம் என்பதால் மூலதன ஆதாய வரி வராது என்று ஆடிட்டர் கணக்குப் பார்த்துச் சொன்னார்.

மீதி ஒன்றரை ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. சர்வேயர் அளந்து கல் நட்டு, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வந்துவிட்டது. பாதி கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு. கிளுவை வேலி இன்னும் நன்றாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாடு மேய்க்கக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். பணத்தில் பெரும்பகுதி வைப்பு நிதியில் கிடக்கிறது. ஒன்றரை ஷிப்டை விட்டுவிட்டேன், தொலைதூரக் கல்வியில் பி.காம். சேர்ந்திருக்கிறேன்.

இல்லத்தில் என்னோடு வளர்ந்த ஒரு தங்கைக்கு அம்மா ஊர் தாராபுரம் பக்கம் என்பது மட்டும் தெரியும். அம்மா படித்த பள்ளி எது என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை நானும் அவளும் அங்கே போகிறோம்.