ஜெர்மன் குடியுரிமை வாங்கிய அனுபவம்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் பலர், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு 2025 அக்டோபரில்தான் கிடைத்தது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் கணவர், மகளோடு இருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். விண்ணப்பத்தை நிரப்புவது பெரிய வேலை இல்லை. அதைச் சுற்றி வந்தவைதான் என்னைத் தூங்க விடவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 27 முதல் இங்கே ஐந்து ஆண்டு வசித்திருந்தால் போதும்; முன்பு எட்டு ஆண்டு. மூன்றே ஆண்டில் வாங்கும் சிறப்பு வழி ஒன்றும் இருந்தது, அதை 2025 அக்டோபர் கடைசியில் நீக்கிவிட்டார்கள். பழைய நாட்டின் குடியுரிமையை விட்டுவிட்டு வா என்று ஜெர்மனி இப்போது கேட்பதில்லை. எங்கள் தெருவில் இருக்கும் துருக்கியக் குடும்பம் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு அது முடியாது. இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டம், பிரிவு 9, வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும் என்கிறது. விடச் சொன்னது வந்து சேர்ந்த நாடு இல்லை, பிறந்த நாடுதான். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அப்புறம் ஏன் வாங்கினாய் என்று அண்ணனே கேட்டான். காரணம் வாக்கு. 2025 பிப்ரவரியில் இங்கே நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. பிரச்சாரம் முழுக்க வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றித்தான் பேச்சு. தொலைக்காட்சி விவாதம், சுவரொட்டி, அலுவலகச் சாப்பாட்டு மேசை, எல்லா இடத்திலும். அப்போது என் விண்ணப்பம் அலுவலகத்தில் கிடந்தது. வரி கட்டுகிறேன், பிள்ளை இங்கே பள்ளிக்குப் போகிறது, சொல்ல எனக்கு ஒரு வாக்கு இல்லை. இந்தியாவிலும் இருந்த வாக்கு பெயருக்குத்தான். வெளிநாடு வாழ் இந்தியராகப் படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம், ஆனால் தேர்தல் அன்று ஊருக்கு நேரில் வந்தால்தான் வாக்களிக்க முடியும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பி1 எனும் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் தெரியும் என்ற சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், ஓய்வூதியக் கணக்கு விவரம், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள். கட்டணம் பெரியவருக்கு 255 யூரோ. கூடவே விண்ணப்பிக்கும் குழந்தைக்கு 51. இதில் பிறப்புச் சான்றிதழை மட்டும் இப்போதே எடுத்துப் பாருங்கள். என் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்காது. பதிவு செய்யும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பிறகு யாரும் போய்ச் சேர்ப்பதில்லை. என்னுடையதும் அப்படித்தான். அண்ணன் பள்ளிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைந்து பெயர் சேர்த்து, ஆங்கிலத்தில் நகல் வாங்கி அனுப்பினான். ஆங்கிலத்தில் வாங்குவது நல்லது. தமிழிலிருந்து ஜெர்மனுக்கு நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் குறைவு.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோரும் இதில் சிக்குவார்கள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். கணவருடையதில் அவர் அப்பாவின் பெயர். மகளுடையதில் என் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். இவள் உங்கள் மகள்தானா என்று நேராகக் கேட்கவில்லை, ஆனால் குடியுரிமை அலுவலகத்தில் இருந்த அம்மா கோப்பை மூன்று முறை புரட்டினார். சாதிப் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாகப் போடுவது எங்கள் வழக்கம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். குடியுரிமை கிடைத்த பிறகு உங்கள் பெயருக்கு ஜெர்மன் சட்டம் பொருந்தும். பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து, இருக்கும் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று தீர்மானிக்க முடியும். நான் எதையும் மாற்றவில்லை. பட்டம், வங்கி, ஊரில் இருக்கும் பத்திரம் எல்லாம் பழைய பெயரில் இருக்கின்றன. எப்படியும், அப்பா பெயரை எடுத்துவிட எனக்கு மனமில்லை.

குடியுரிமைத் தேர்வைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். 310 கேள்விகள் கொண்ட தொகுப்பு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. அதிலிருந்து 33 வரும், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆனால் அதற்காகப் படித்தபோது சில கேள்விகள் என்னைப் பிடித்துக்கொண்டன. நடைபாதையில் பதித்திருக்கும் சிறிய பித்தளைக் கற்கள் எதை நினைவூட்டுகின்றன என்று ஒரு கேள்வி. நாஜிகள் கொன்றவர்களின், விரட்டியவர்களின் பெயர்கள் அவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில் பதிக்கப்பட்டிருக்கின்றன. மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வழியில் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பிறகுதான் நின்று படித்தேன்.

விண்ணப்பத்தோடு ஓர் உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட வேண்டும். நாஜி ஆட்சியின் கொடுமைகளால் ஜெர்மனிக்கு ஏற்பட்ட வரலாற்றுப் பொறுப்பை, குறிப்பாக யூதர்களின் வாழ்வைப் பாதுகாப்பதை, ஏற்கிறேன் என்று 2024இல் அதில் சேர்த்தார்கள். எங்கோ நடந்ததற்கு நாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1935இல் நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. அந்த நாட்டின் இன்றைய அரசியலமைப்பு, பிரிவு 16, ஜெர்மன் குடியுரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது. இலங்கையில் 1948 சட்டம் மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியதை அறிந்த ஒரு தமிழச்சிக்கு, அந்த வரி எவ்வளவு விலை கொடுத்து எழுதப்பட்டது என்று விளங்கும். நான் மனதார கையெழுத்துப் போட்டேன்.

பிறகு காத்திருப்பு. ஓராண்டுக்கு மேல். மின்னஞ்சல் போட்டால் கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பதில். அழைப்பு வந்ததும் மகளோடு போய், அரசியலமைப்பையும் சட்டங்களையும் மதிப்பேன், நாட்டுக்குக் கேடு செய்ய மாட்டேன் என்று வாய்விட்டு வாசித்தேன். சான்றிதழ் கைக்கு வரும் அந்த நொடியில்தான் குடியுரிமை அமலுக்கு வருகிறது.

இதற்குப் பிறகு கவனம் தேவை. இந்தியப் பாஸ்போர்ட்டை இனி பயணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அது குற்றம். ஜெர்மன் பாஸ்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழ் இல்லாமல், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே ஊரில் கல்யாணம், காதுகுத்து இருந்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.சி.ஐ. இருந்தால் விசா இல்லாமல் போய் வரலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். வாக்கு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் பெற்றோரிடமிருந்து வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். என் கணவர் இந்தியராகவே இருந்துவிட்டார். ஊரில் வயல் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் முடிவை நான் மதிக்கிறேன்.

நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீட்டுக்குப் படிவம் வந்ததும் அம்மா போன் செய்தாள். "உன் பேரையும் எழுதட்டுமாடி?" "வேண்டாம்மா, எடுக்கச் சொல்லிடு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு மகளின் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்க வேண்டும் என்று முன்பு ஒப்புக்குச் சொல்லிவந்தேன். இப்போது உறுதியாகச் சொல்கிறேன். ஊரின் மேல் இருக்கும் அக்கறையும் இந்த நகரத்தின் மேல் இருக்கும் அக்கறையும் எனக்குள் சண்டை போடவில்லை. அவற்றில் ஒன்றைச் சட்டம்தான் வெட்டுகிறது.

2026 மார்ச் 8ஆம் தேதி இங்கே மாநிலத் தேர்தல். வாக்காளராகத் தனியே பதிய வேண்டியதில்லை, முகவரிப் பதிவை வைத்து அறிவிப்பு தபாலில் வந்துவிடும். தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு தேர்தல். அங்கே அண்ணனோடு தொலைபேசியில் விவாதிப்பதோடு சரி. இங்கே, வீட்டு வாடகை பற்றியும் மழலையர் பள்ளி பற்றியும் எந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று அறிக்கைகளை எடுத்து வைத்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.