பத்தாவது நிமிடத்துக்கு உடுத்துவது

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு செப்டெம்பர் மாதத்தில், வேலைக்குச் சைக்கிளில் போய்வரத் தொடங்கினேன். வீடு ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், விக்ரோறியா பார்க் சுரங்கரயில் நிலையத்துக்கு அண்மையில் இருக்கிறது. அலுவலகம் புளூர் வீதியும் சேர்போர்ன் வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடையே ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தூரம். 2020ஆம் ஆண்டுக் கோடையில் அந்த வழியிலுள்ள டான்ஃபோர்த் வீதியில் சைக்கிளுக்கென்று தனி ஒழுங்கை பிரித்துக் கொடுத்தார்கள். ஆனாலும், அந்த ஒழுங்கையைப் பேருந்துச் சன்னலூடாகப் பார்த்துக்கொண்டு நான் மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போன ஆண்டுகளில், ஆசிரியர்களும் வைத்தியர்களும் விறகு வியாபாரிகளும் சைக்கிளில்தான் போனார்கள். அப்பாவின் ரலிச் சைக்கிளின் பாரில் இருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். கால் நிலத்தில் எட்டுவதற்கு முன்பே பாரின் கீழாகக் காலை விட்டு உழக்கப் பழகினேன். ஆகவே செப்டெம்பரும் ஒக்டோபரும் எனக்கு மகிழ்ச்சியான மாதங்களாகவே கழிந்தன. நவம்பர் வந்தபோதுதான், சைக்கிள் ஓடத் தெரிந்த எனக்குக் குளிருக்கு உடுக்கத் தெரியாது என்பது விளங்கியது.

எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில் வெப்பநிலை 22 பாகைக்கு இறங்கினாலே காதைச் சுற்றி மப்ளர் கட்டுவோம். நெஞ்சையும் காதையும் மூடினால் தடிமன் வராது என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நானும் அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தேன். வெப்பநிலை முதன்முறையாகப் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 2 பாகைக்கு, இறங்கிய காலையில் பருத்திப் பனியன், பருத்திச் சேட்டு, தடித்த சுவெற்றர், அதற்கு மேல் முழங்கால்வரை தொங்கும் இறகு ஜக்கெற் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் நின்றபோது அவ்வளவு சுகமாக இருந்தது. கொக்ஸ்வெல் சந்தியைத் தாண்டுவதற்குள் முதுகில் வியர்வை வழியத் தொடங்கியது. டான் பள்ளத்தாக்கின் மேலுள்ள பாலத்தை அடைந்தபோது சகிக்க முடியாமல் ஜக்கெற்றின் சிப்பைத் திறந்தேன், உடனே காற்று ஈரச் சேட்டில் பட்டு உடம்பை உலுக்கியது. அலுவலகத்தில் குளிக்கும் வசதி கிடையாது. நனைந்த பனியனோடு பகல் முழுவதும் கதிரையில் இருந்தேன், மாலையில் இன்னும் காயாத அதே சட்டைகளை மாட்டிக்கொண்டு திரும்பினேன். அன்று எனக்கு உண்மையாகவே குளிர்ந்தது அந்தத் திரும்பும் பயணத்தில்தான். குளிருக்குக் காரணம் மைனஸ் 2 பாகை என்பதைவிட, நானே உண்டாக்கிக்கொண்ட ஈரம் என்பதே சரி.

இதன் காரணம் எளிது. சைக்கிளை உழக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. மீதி முழுவதும் சூடாக மாறுகிறது. பேருந்துத் தரிப்பிடத்தில் அசையாமல் நிற்பவருக்குத் தைத்த ஜக்கெற்றுக்குள், ஒரு சிறு அடுப்பையே ஏற்றி வைத்திருக்கும் உடம்பைப் பூட்டி வைத்தால் வியர்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பருத்தி அந்த வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். காய நெடுநேரம் எடுக்கும். நனைந்த பருத்தியில் சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றிடைவெளி இருக்காது. வெயிலுக்கு அதைப்போல் நல்ல துணி இல்லை என்பதற்காகவே நாம் பிறந்ததிலிருந்து அதை உடுத்திருக்கிறோம். ஆனால், அதே குணம் இங்கே உழக்குகிறவருக்கு எதிராக வேலை செய்கிறது.

நான் சைக்கிளைத் திருத்தக் கொடுக்கும் கடையில் நரைத்த தாடியுடன் ஒரு முதியவர் இருக்கிறார். முப்பது குளிர்காலங்களாகச் சைக்கிள் ஓடுகிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரே ஒரு விடயம்: வீட்டு வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிர வேண்டும், குளிரவில்லையென்றால் திரும்பி உள்ளே போய் ஒன்றைக் கழற்ற வேண்டும். உடையைப் புறப்படும் நிமிடத்துக்காகத் தெரிவு செய்யாமல் பத்தாவது நிமிடத்துக்காகத் தெரிவு செய்ய வேண்டும் என்பதே அவர் சொன்னதன் பொருள். எவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய உடையும் அந்த ஒரு வசனத்தைப்போல எனக்கு உதவவில்லை. இப்போது வெளியே காட்டும் வெப்பநிலையைவிட ஐந்து முதல் பத்துப் பாகை கூடுதலாக இருந்தால் நடந்து போவதற்கு என்ன உடுப்பேனோ, அதையே உடுக்கிறேன்.

உடம்போடு ஒட்டி ஒரு மெல்லிய மெரினோக் கம்பளிச் சட்டை. கம்பளி வியர்வையைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்ளும், நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றம் பிடிக்காது. விலை அதிகம்தான், நான் என்னுடைய இரண்டையும் பழைய துணி விற்கும் கடையில் வாங்கினேன், ஒன்றின் முழங்கையில் இருந்த சிறு ஓட்டையை நூலால் தைத்துக்கொண்டேன். அதற்கு மேல் குளிரைப் பொறுத்து ஃபிளீஸ் என்னும் மெதுமையான செயற்கை இழைச் சட்டை ஒன்று. மைனஸ் 5 வரை அதுவும் தேவைப்படுவதில்லை. வெளியே, பஞ்சோ இறகோ இல்லாமல் காற்றை மட்டும் மறிக்கும் மெல்லிய ஜக்கெற். அக்குளின் கீழே திறக்கக்கூடிய சிப் அதற்குக் கட்டாயம் இருக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது அதைத் திறந்து, இறங்கும்போது மூடிவிடுகிறேன். காற்சட்டைக்குக் கீழே மெல்லிய கம்பளி உள்காற்சட்டை ஒன்று, அதுவும் மைனஸ் 5க்குக் கீழே போனால்தான். கால்கள் வேலை செய்துகொண்டே இருப்பதால் அவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியவை கைகள். நெஞ்சுக்கு இரத்தம் தாராளமாகப் போகிறது, உழக்கும் கால்களுக்கும் போகிறது. கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல், எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றில் நிற்பவை விரல்கள்தாம். ஜனவரி நடுவில் ஒரு நாள், மைனஸ் 12 பாகை, சாதாரணமான ஐந்து விரல் கையுறை போட்டிருந்தேன். டான்ஃபோர்த் வீதியை புளூர் வீதியோடு இணைக்கும் பெரிய பாலம் 1918இல் திறக்கப்பட்டது. டான் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 40 மீற்றர் உயரத்தில் அது நிற்கிறது. இருபுறமும் கட்டடம் எதுவும் இல்லாததால் காற்றுக்கு அங்கே தடையே கிடையாது. பாலத்தின் நடுவே கியரை மாற்ற வலது பெருவிரலால் நெம்பைத் தள்ளினேன்; விரல் அசையவில்லை. விரல் நெம்பில் பட்டிருக்கிறதா இல்லையா என்பதைக்கூடப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஓரமாக நிறுத்தி, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினேன். நகத்தைச் சுற்றி விரல்நுனிகள் மெழுகுபோல வெளுத்திருந்தன. கைகளை ஜக்கெற்றுக்குள் விட்டு அக்குளில் வைத்துக்கொண்டு நின்றபோது, இரத்தம் திரும்பி வருகையில் நூறு ஊசிகளால் குத்துவதுபோல ஒரு வலி வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு பெண், தன் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து இரண்டு சிறு பொதிகளை எடுத்துக் குலுக்கி என் கையில் வைத்தார். இரும்புத்தூள் காற்றுப்பட்டுத் துருவேறும்போது உண்டாகும் சூடுதான் அந்தப் பொதிகளில் இருப்பது. அவரிடம் நன்றியைச் சரியாகச் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். நாங்கள் நின்ற இடத்துக்குக் கீழே, 1966 முதல் அதே பாலத்தின் கீழ்த்தட்டில் ஓடும் சுரங்கரயில் சத்தத்தோடு கடந்துபோனது.

அதற்குப் பிறகு ஐந்து விரல் கையுறையை மைனஸ் 3க்குக் கீழே போடுவதில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் ஒன்றின் சூடு மற்றதைக் காக்கும். நண்டின் கவ்வுகால்போல இரண்டு இரண்டு விரல்களைச் சேர்த்து வைக்கும் கையுறை மைனஸ் 10 வரை போதும். பிறேக்கையும் இலகுவாகப் பிடிக்கலாம். அதற்கும் கீழே போனால், சைக்கிளின் கைப்பிடியிலேயே நிரந்தரமாகப் பூட்டிவிடும் பெரிய உறைகள் இருக்கின்றன; பிறேக்கும் கியரும் அவற்றுக்குள்ளேயே இருக்கும், கையை உள்ளே விட்டால் மெல்லிய கையுறையே போதும். பார்வைக்குப் பெரிதாக இருப்பதால் நான் ஓராண்டு தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

காலில் நான் செய்த பிழை வேறு. இரண்டு சோடி மேசு போட்டால் இருமடங்கு சூடு கிடைக்கும் என்று நினைத்தேன். சப்பாத்து இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, பாதம் முன்னைவிட வேகமாக விறைத்தது. இப்போது ஒரு தடித்த கம்பளி மேசும் அதற்கு மேல் விரலை அசைக்க இடம்விடும் அளவில் ஒரு பெரிய சப்பாத்தும் போடுகிறேன். மிகக் குளிரான நாட்களில் மேசுக்கும் சப்பாத்துக்கும் இடையே பாண் வாங்கும்போது கிடைக்கும் பிளாஸ்ரிக் பை ஒன்றைப் போட்டுக்கொள்வேன். இது கனடாவில் பல தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்குச் செய்துவிடும் வழக்கம். காற்றும் உப்புத்தண்ணீரும் உள்ளே வராமல் அது தடுக்கிறது.

தலைக்குத் தலைக்கவசத்தின் கீழே, காதை மூடும் மெல்லிய தொப்பி போதுமானது. தடித்த கம்பளித் தொப்பியைப் போட்டால் கவசம் சரியாகப் பொருந்தாது, விழுந்தால் பயன்படாது. காதை மூட வேண்டும் என்ற அளவில் அம்மா சொன்னது முழுக்கச் சரி. மைனஸ் 10க்குக் கீழே முகத்தையும் மூடவேண்டும். ஆனால் மூக்கையும் வாயையும் இறுக மூடினால் மூச்சின் ஈரம் மேலேறிக் கண்ணாடியில் படிந்து உறைந்துவிடும். மூக்குக்குக் கீழே துணியைச் சற்று இழுத்துவிட்டு மூச்சைக் கீழ்நோக்கி விடப் பழக எனக்கு இரண்டு வாரங்கள் சென்றன.

வெப்பநிலையோடு காற்றையும் பார்க்க வேண்டும். கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, மைனஸ் 10 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகக் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 18 போல் இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் உழக்குகிறவர் தன் வேகத்தால் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார் என்பதை நான் வெகுகாலம் எண்ணிப் பார்க்கவில்லை. காற்றுக்குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையக்கூடும். என் பயணம் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அப்படிப்பட்ட நாட்களில் நான் சுரங்கரயிலில் போகிறேன். அதில் எந்த வெட்கமும் இல்லை. உறைமழை பெய்த மறுநாளும் அப்படியே.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக இரண்டு விடயங்கள். டிசெம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுவதால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிதெறிப்பானோ ஒன்ராறியோச் சட்டப்படி கட்டாயம். குளிரில் மின்கலம் விரைவில் இறங்குவதால் ஒவ்வொரு இரவும் விளக்குகளை மின்னேற்றுகிறேன். என் வழியில் மெயின் வீதியிலும் புறோட்வியூவிலும் ட்ராம் தண்டவாளங்கள் குறுக்கே போகின்றன. ஈரமான இரும்பில் சக்கரம் வழுக்கும் என்பதால் அவற்றை நேர்குறுக்காக, பிறேக் பிடிக்காமல், உழக்காமல் கடக்க வேண்டும்.

அலுவலகத்தில் என் மேசையின் கீழே ஒரு சோடி சப்பாத்தும் ஒரு சேட்டும் எப்போதும் இருக்கின்றன. வந்ததும் கையுறைகளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, சூடேற்றியின் மேல் வைத்துவிடுவேன். மாலையில் காய்ந்த கையுறைக்குள் கையை விடுவது அந்தப் பயணத்தின் பாதி நிம்மதி.

அடுத்த நாளுக்கான உடுப்பை முதல்நாள் இரவே, உடுக்கும் ஒழுங்கில், கதிரையில் அடுக்கி வைக்கிறேன். சென்ற வாரம் அப்படி அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வீடியோவில் அழைத்தார். வழக்கம்போல, "வடிவா மூடிக்கட்டிக்கொண்டு போ மோனை" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். "இவ்வளவு மெல்லிசோ?" என்று மெரினோச் சட்டையைப் பார்த்துக் கேட்டார், செம்மறி ஆட்டுமயிர் என்று சொன்னதும் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். தைத்த முழங்கையைக் கண்டுபிடித்து, யார் தைத்தது என்று விசாரித்தார். பிறகு, கைக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டார். சைக்கிளைக் கூடத்துக்குள் உருட்டி வந்து, கைப்பிடியில் பூட்டியிருக்கும் உறைக்குள் என் கையை மணிக்கட்டுக்கு மேல்வரை விட்டுக் காட்டினேன். மற்றக் கையையும் விடச் சொன்னார்.