ஏழாம் பை: தளித் தோட்டத்துக் கம்ஃப்ரே குறிப்புகள்

ஜூலை 19

கம்ஃப்ரே, இலையை மண்ணுக்கு உரமாக்க வளர்க்கிற செடி; வேர்த்துண்டிலிருந்து புதுச் செடி எடுக்கப் போகிறேன். தாய்ச்செடியை முழுசாகப் பிடுங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் முக்கால் அடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, அகப்பட்ட வேரை எடுத்தாயிற்று. மறுபக்க வேர் இருக்கிறவரை செடி தாங்கும். வேர் மேலே கரிக்கட்டை நிறம், உள்ளே முள்ளங்கி வெள்ளை. வெட்டினால் கத்தியில் வெண்டைக்காய்ப் பசை மாதிரி இழுக்கிறது. சுண்டுவிரல் கனம் உள்ளதை நாலு விரல் நீளமாகவும், மெல்லிசானதை ஆறு விரல் நீளமாகவும் நறுக்கியது. மெல்லிய துண்டில் சத்துச் சேமிப்பு குறைவு, நீளத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். செடியை ஒட்டியிருந்த முனையில் நேர்வெட்டு, அடிமுனையில் சாய்வெட்டு. எது தலை எது கால் என்று அப்புறம் தடுமாற வேண்டாம். தடுமாறினால் படுக்கவைத்து மூடிவிடலாம், குருத்து தானே மேலே திரும்பிக்கொள்ளும்.

34 துண்டு. சாக்கின் மேல் நிழலில் ராத்திரி முழுக்கக் கிடக்கட்டும். வெட்டுவாய் காய வேண்டும்.

ஜூலை 20

காலையில் இன்னும் ஆறு வெட்டி 40 ஆக்கியது. அந்த ஆறும் காயாமலே பைக்குள் போயின. அவசரம்.

துண்டுக்கு ஒரு நாற்றுப் பை. பையில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. துண்டின் மேல் இரண்டு அங்குல மண்.

ஜூலை 24

ஆடிக்காற்று. மேல்மண் ஒரே நாளில் வெளுத்துவிடுகிறது, அதைப் பார்த்தால் பூவாளியைத் தூக்கக் கை பரபரக்கிறது. விரலை விட்டால் உள்ளே ஈரம். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. இன்று விடவில்லை.

ஜூலை 31

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. முளைப்பாரி ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்தே நிற்கும். இது இரண்டு வாரமாக ஊமையாகக் கிடக்கிறது. மூன்றிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும் என்று தெரியும். தெரிந்தும் ஏழாம் பையைக் கிளறியாயிற்று. வெட்டுவாயின் விளிம்பில், தோலுக்கும் சதைக்கும் நடுவே, கடுகைவிடச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வளையமாக. குருத்துதான். மறுபடி மூடியது. கிளறியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 13

பதினாலு பையில் இலை! சொரசொரவென்று, மாட்டு நாக்கு மாதிரி.

ஒன்றை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்தது: மேலே இரண்டு இலை, கீழே ஒரு வேர் நுனிகூட இல்லை. வேர்த்துண்டில் ஏமாறுகிற இடம் இதுதான். முதல் இலை துண்டில் இருக்கும் சேமிப்பைத் தின்று வருவது; புது வேர் அதற்குப் பிறகுதான். இந்த நேரத்தில் நிலத்துக்கு மாற்றினால் இரண்டே வெயிலில் துவண்டுவிடும். பையை அசைத்தால் செடி மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதுவரை தொடக் கூடாது.

ஏழில் இல்லை.

ஆகஸ்ட் 19

ஐந்து போயிற்று. தொட்டால் கொழகொழ, மட்டமான நாற்றம். ஐந்துமே காயவிடாமல் வைத்த ஆறில் சேர்ந்தவை. ஆனால் ஷேட் நெட் மடிப்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற வரிசையும் அதுதான். எதன்மேல் பழி போட? இரண்டின் மேலும்தான். வலையை இழுத்துக் கட்டியது.

ஆகஸ்ட் 23

பக்கத்துத் தோட்டத்து அக்கா முழங்காலுக்குக் கஷாயம் வைக்க இலை கேட்டார். வேண்டாங்க்கா என்றேன். இதில் உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்கிற நச்சுப் பொருள்கள் ஈரலைக் கெடுக்கும். அமெரிக்காவில் 2001-லேயே உள்ளுக்குச் சாப்பிடும் கம்ஃப்ரே பண்டங்களை விற்பனையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். புண்ணிருக்கும் தோலிலும் போடக் கூடாது. இலை மண்ணுக்கு, மனுஷனுக்கு இல்லை.

செப்டம்பர் 7

பழைய வரிசையில் பூத்தண்டு கிளம்புகிறது, அறுக்க இதுதான் பதம். தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கருக்கரிவாளால் ஒரே பிடியாக. நடுக்கொழுந்துக்கு வெட்டு விழக் கூடாது. அறுத்த கையோடு ஒரு கூடை எருவும் தண்ணீரும்; ஐந்தாறு வாரத்தில் திரும்ப அறுக்கலாம். முதல் வருஷச் செடியில் அரிவாள் வைக்கவே கூடாது, பூத்தண்டை மட்டும் கிள்ளிவிடலாம்.

சாறு இறக்கி உரமாக்க, இலையை ஒரு நாள் வாடவிட்டு, அடியில் துளையிட்ட டிரம்மில் அழுத்தி, மேலே கல். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஊற்றினால் நாற்றம் வீதிவரை போகும்.

செப்டம்பர் 8

கையெல்லாம் அரிப்பு. முழுக்கைச் சட்டை, முழுக்கைச் சட்டை.

செப்டம்பர் 14

26 செடி நிலத்துக்குப் போயிற்று. இரண்டரை அடிக்கு ஒன்று, தென்னோலை நிழலோடு. இடத்தைத்தான் யோசித்து யோசித்து மாற்றியது. வைத்தால் வைத்ததுதான், பிறகு தோண்டியெடுத்தாலும் உள்ளே ஒடிந்த ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். பவர் டில்லர் ஒரு தடவை போனால் ராகிக் கொல்லை முழுக்க இதுதான் நிற்கும். விதையால் மட்டும் பயமில்லை. இது பாக்கிங் 14, 1950களில் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஹில்ஸ் தேர்ந்தெடுத்த ரகம், விதை பிடிக்காது.

மீதி ஒன்பது பை நிழலிலேயே. ஏழாவதும்.

செப்டம்பர் 29

டிரம்முக்குக் கீழே டிகாஷன் மாதிரி கறுப்பாக இறங்கியிருக்கிறது. ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு தண்ணீர். சாம்பல் சத்து (பொட்டாஷ்) தூக்கல் என்பதால் தக்காளிக்குப் பூ கட்டின பிறகு வேரில் ஊற்றலாம். நாற்றுக்கு வேண்டாம்.

அக்டோபர் 12

நேற்று ராத்திரி முழுக்க மழை. நட்டதில் நாலு செடிக்குக் கழுத்தளவு தண்ணீர். வாய்க்காலைத் திறந்துவிட்டு, அடிக்கழுத்தில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்துவிட்டது. ஒன்றின் கழுத்து லேசாக மெத்தென்றிருக்கிறது.

ஏழாம் பையில் மண் வெடித்திருக்கிறது. மழைத்துளி விழுந்த குழியாகவும் இருக்கலாம். கிளறவில்லை.

கிழக்கு வாய்க்காலை நாளைக்கு இன்னும் அரை அடி இறக்க வேண்டும்.