தாடை உடைஞ்ச கேப்டன்: ஜான் சாட்லர் நினைவா சில நாள் குறிப்பு

21 மார்ச் 2023, செவ்வாய்

சவுத் சிட்னி ரக்பி லீக் டீமோட பழைய கேப்டன் ஜான் சாட்லர் நேத்து இறந்துட்டாரு. பாலைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி மோதுற ஆட்டம் அது. 80 வயசு. கொஞ்ச வருஷமாவே டிமென்ஷியா இருந்துச்சு, குடும்பமே அதை வெளிப்படையா சொல்லியிருந்தாங்க, ஆனாலும் சேதி வந்தப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நான் வேலை பாக்குற முதியோர் இல்லம் சிட்னியில தென்கிழக்குப் பக்கம், அதாவது சவுத் சிட்னி டீமோட சொந்த ஏரியா. இங்க இருக்குற பாதிப் பேரு சின்ன வயசுலேர்ந்து சிவப்பு பச்சை ஜெர்சிதான். காலையில மருந்து ட்ராலியத் தள்ளிட்டு எந்த ரூமுக்குப் போனாலும் ஒரே பேச்சு. பிபி பாக்க கைய நீட்டச் சொன்னா, ஒரு பெரியவர் கைய நீட்டாம தன் தாடையத் தொட்டுக் காட்டி "இங்கதான்மா, இங்கதான் உடைஞ்சுது"ங்கிறாரு. அவரு துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. அன்னிக்கு மேட்ச்ச நேர்ல பாத்தவரு, சிட்னி கிரிக்கெட் கிரவுண்டுல தி ஹில்னு ஒரு புல் மேடு இருந்துச்சாம், அதுல நின்னுக்கிட்டு.

கதை தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 1970 செப்டம்பர் 19, கிராண்ட் ஃபைனல், அதாவது சீசனோட கடைசி கப் மேட்ச், சவுத் சிட்னிக்கும் இன்னொரு சிட்னி டீமான மேன்லிக்கும். ஆட்டம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம்கூட ஆகல, பால் வேற எங்கயோ இருக்கு, மேன்லி ஃபார்வர்டு ஜான் பக்னல் விட்ட குத்துல சாட்லரோட தாடை உடைஞ்சு போச்சு. பக்கத்துல இருந்த சொந்த டீம் ஆளு மைக் கிளியரிகிட்ட "என்னைப் பிடிச்சுக்கோ, எனக்கு அடிபட்டது அவங்களுக்குத் தெரியக் கூடாது"ன்னு சொல்லியிருக்காரு. அப்புறம் மிச்ச எழுவது நிமிஷத்துக்கு மேல, ப்ராப் இடத்துல, அதாவது ரெண்டு டீம்லயும் இருக்குறதுலயே கனமான ஆளுங்க நேருக்கு நேர் வந்து மோதுற இடத்துல, உடைஞ்ச தாடையோட ஆடி முடிச்சாரு. 23-12. சவுத்ஸ் ஜெயிச்சுது. கப்ப வாங்கி, மைக்ல பேசி, அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரி.

அந்தக் கிளியரி யாருன்னா விங்ல ஓடுறவரு, 1962 பெர்த் காமன்வெல்த் போட்டியில 100 கெஜ ஓட்டத்துல வெண்கலம் வாங்கினவரு, பின்னால நியூ சவுத் வேல்ஸ்ல மந்திரி வேற. அவ்வளவு வேகமான மனுஷன் அந்த நிமிஷம் ஓடாம நின்னு தன் கேப்டனத் தாங்கிப் பிடிச்சிருக்காரு. எனக்கு தாடையவிட இதுதான் அதிகமா மனசுல நிக்குது.

22 மார்ச், புதன்

நேத்து எழுதினதப் படிச்சுட்டு ஊர்லேர்ந்து தம்பி கேக்குறான், "அக்கா, அடி வாங்கினதுக்குத்தான் அவரு ஃபேமஸா?"ன்னு. இல்லடா. அடிச்சதுக்கும்தான். 1970-க்கு முன்னாடியே அந்தப் பேரு அவருக்கு இருந்துச்சு. 'ஜென்டில்மேன் ஜான்'னு ஒரு பட்டப்பேரு உண்டு, கிரவுண்டுக்கு வெளிய அவ்வளவு மரியாதையான, மெதுவாப் பேசுற மனுஷன், உள்ள எறங்கிட்டா அதுக்கு நேர் எதிர். ரெஃப்ரி வெளிய அனுப்பினது ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல.

சொந்த ஊரு கர்ரி கர்ரி, ஹன்டர் பக்கம் நிலக்கரிச் சுரங்க ஊரு. 1963-ல சவுத்ஸுக்கு வந்தாரு. 1967, 68, 70, 71, கப் ஜெயிச்ச நாலு பிரீமியர்ஷிப்லயும் கேப்டன். பக்கத்துல ஆடுனவங்களப் பாருங்க, பாப் மெக்கார்த்தி, ரான் கூட், ஜான் ஓ'நீல், எல்வின் வால்டர்ஸ். சும்மா கேப்டன்னு பேரு வெச்சுக்கிட்டு இவங்களை மேய்க்க முடியாது, முதல் மோதலுக்கு நீயே முன்னால போகணும்.

மூணாவது மாடில ஒரு பாட்டி இருக்காங்க, சவுத்ஸோட பழைய கிரவுண்டு ரெட்ஃபெர்ன் ஓவல் பக்கத்துத் தெருவுலயே பொறந்து வளந்தவங்க. கம்பி ஓரமா நின்னு பாப்பாங்களாம். டிவில பாத்தா எதுவும் தெரியாதும்மா, சத்தம்தான் விஷயம், ரெண்டு நெஞ்சு மோதுற சத்தமும் அதுக்கப்புறம் ஒருத்தரு மூச்சு மொத்தமா வெளிய போற சத்தமும் வரும், அதுல எது சாட்லர் ஆளப் பிடிச்சுச் சாய்க்கிற டேக்கிள்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லிடுவேன்னாங்க. நான் சின்ன வயசுல எங்க ஊரு பொங்கல் கபடியில புழுதிக்குப் பக்கத்துல உக்காந்து பாத்தவ, ரெய்டு வந்தவனை நாலு பேரு சேந்து அமுக்குறப்ப வர்ற அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அதனால பாட்டி சொன்னது டக்குனு புரிஞ்சுது. ஆனா கபடியில ஆள் நின்ன இடத்துலதான் பிடி. இங்க நூறு கிலோ ஆளு பத்து மீட்டர் ஓடி வருவான், அவன அந்த வேகத்துலயே தோள் கொடுத்து நிறுத்தணும், நிறுத்திட்டு எந்திரிச்சு அடுத்தவனுக்கு ரெடியா நிக்கணும்.

1970-ல ஏன் சாட்லர் எறங்கி வெளிய போகலைன்னு கேட்டா பாட்டி 1969-லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க, அதுவும் சரிதான். அந்த வருஷ ஃபைனல்ல எல்லாரும் சவுத்ஸ்தான்னு அடிச்சுச் சொன்னாங்க, பால்மெய்ன்னு இன்னொரு சிட்னி டீம் 11-2-ன்னு கவுத்துட்டாங்க. அதுலயும் பால்மெய்ன் ஆளுங்க அடிபட்ட மாதிரி அடிக்கடி கீழ படுத்துப் படுத்து ஆட்டத்தோட வேகத்தையே கொன்னுட்டாங்கன்னு பாட்டிக்கு இன்னும் ஆறல, 54 வருஷமாச்சு, ஆறல! அந்த வலிய ஒரு வருஷம் சுமந்துட்டு வந்த கேப்டன், மறு வருஷம் ஃபைனல்ல பத்தாவது நிமிஷத்துல வெளிய போயிடுவாரா? இடைவேளையில டீமுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, அவரு வைத்தியம் வேணாம்னுட்டாரு, என்கிட்ட பால் குடுக்காம ஒதுக்குனீங்கன்னா அப்புறம் நடக்கிறதே வேறன்னு சொந்த ஆளுங்களையே மிரட்டியிருக்காரு.

24 மார்ச், வெள்ளி

இன்னிக்கு லவுஞ்சுல ஒரு சின்ன வாக்குவாதம். ஒரு பெரியவரோட மக அப்பாவப் பாக்க வந்திருந்தாங்க. அவங்க அப்பாவும் உள்ளூர் கிளப்ல ஃபார்வர்டா ஆடுனவரு, இப்ப மகளோட பேரு சில நாள் ஞாபகம் வரும், சில நாள் வராது. டிவில சாட்லர் பத்தி ஏதோ ஓடிட்டிருந்துச்சு, நம்ம துறைமுகப் பெரியவர் வழக்கம்போல தாடையத் தொட்டுக் காட்டிப் பெருமையாப் பேச, அந்தம்மா எந்திரிச்சு நின்னு, "இதை இன்னும் எத்தனை நாளைக்குக் கொண்டாடுவீங்க? இந்தக் கதையக் கேட்டுத்தான் எங்கப்பாவும் தலைல அடிபட்டும் வெளிய வராம ஆடுனாரு"ன்னாங்க. யாரும் பதில் பேசல.

அவங்க சொன்னதுல தப்பே இல்ல. தலையில திரும்பத் திரும்ப அடி வாங்குறதால மூளை கெடுற சிடிஇ நோய் இங்க ரக்பி லீக் ஆடுனவங்களுக்கும் இருந்துச்சுன்னு இறந்தப்புறம் மூளையப் பரிசோதிச்சு உறுதி பண்ணியிருக்காங்க. பழைய ஆட்டக்காரர் ஸ்டீவ் ஃபோக்ஸுக்கு இருந்துச்சு. போன வருஷம் ஆகஸ்ட்ல இறந்த இன்னொரு ஆட்டக்காரர் பால் கிரீனுக்கு ரொம்ப முத்திப்போன நிலையில இருந்துச்சு, அவருக்கு 49 வயசுதான். சாட்லரோட டிமென்ஷியாவுக்கு என்ன காரணம்னு நான் பேச மாட்டேன், அது எனக்கு உரிமையில்லாத விஷயம். ஆனா பழைய ஃபார்வர்டுகளுக்கு சட்டை பட்டன் போட்டு விடுற வேலையில நான் இருக்கேன், அந்தக் கேள்வி வராம இருக்காது.

இப்ப என்ஆர்எல்ல, அதாவது இங்க நடக்குற பெரிய ரக்பி லீக் போட்டியில, நிறைய மாத்திட்டாங்க. 2013-லேர்ந்து கைய மடக்கிக்கிட்டு தோளால மட்டும் இடிக்கிற ஷோல்டர் சார்ஜுக்குத் தடை. அதே வருஷம் குத்து விட்டா பத்து நிமிஷம் வெளியன்னு ஆச்சு. இந்த சீசன்லேர்ந்து தலையில அடிபட்டு மூளை அதிர்ற கன்கஷன்னு உறுதியானா பெரும்பாலும் 11 நாள் ஆட விட மாட்டாங்க. மூணையும் நான் முழுசா ஆதரிக்கிறேன், ஆட்டம் சப்புனு போச்சுன்னு புலம்புறவங்க ஒரு வாரம் எங்க இல்லத்துல வந்து இருந்து பாக்கட்டும்.

அதே சமயம் சாட்லர் அன்னிக்குச் செஞ்சத நினைச்சா எனக்கு இன்னும் கண்ணு கலங்குது. ரெண்டும் என் மனசுல இருக்கு. இன்னிக்கு ஒரு பையன் அதைச் செஞ்சா ஓடிப் போய் இழுத்துட்டு வருவேன், 1970-ல செஞ்சவர கையெடுத்துக் கும்பிடுவேன். அந்தம்மாவோட அதைப் பேசணும்னு பாத்தேன், அதுக்குள்ள கிளம்பிட்டாங்க.

26 மார்ச், ஞாயிறு

இன்னிக்கு ஓய்வு. மகனுக்கு ஸ்காட் சாட்லரோட டேக்கிளக் காட்டினேன், ஜானோட பையன். 2003 கிராண்ட் ஃபைனல், பென்ரித்துக்கும் ரூஸ்டர்ஸுக்கும், 6-6-ல நிக்குது, மழை, ரூஸ்டர்ஸ் விங்கர் டாட் பைர்ன் கோட்டு ஓரமா தனியா பிச்சுக்கிட்டு ஓடுறான், ட்ரைன்னே, அதாவது கோட்டைத் தாண்டிப் பால வெச்சுப் பாயிண்ட் எடுத்துடுவான்னே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க, அவனவிட வேகம் கம்மியான ஸ்காட் குறுக்க எங்கேர்ந்தோ ஓடி வந்து காலைக் கட்டி அப்படியே கோட்டுக்கு வெளிய உருட்டுறாரு. பென்ரித் 18-6. அப்பாவப் பத்திச் சொல்றப்ப நின்னு மோதுனதுதான் ஞாபகம் வரும், பையனுக்குத் துரத்துனது. மகன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தான்.

19 செப்டம்பர் 2023, செவ்வாய்

ரொம்ப நாளா இதுல எழுதல. இன்னிக்கு அந்த ஃபைனலோட நாள், 53 வருஷம். லவுஞ்சு பெரிய டிவில பழைய கறுப்பு வெள்ளை வீடியோவப் போட்டேன். துறைமுகப் பெரியவர், மூணாவது மாடிப் பாட்டி, புதுசா வந்திருக்குற மேன்லிக்காரர், இன்னும் சிலர். மேன்லிக்காரரும் அன்னிக்கு கிரவுண்டுல இருந்தாராம், புல் மேட்டுல இல்ல, ஸ்டாண்டுல, அப்பாவோட.

அவரு ஒண்ணு சொன்னாரு, எனக்குப் புதுசு. எங்க ஆளுங்களுக்கு தாடை விஷயம் தெரியவே தெரியாது, ஸ்டாண்டுல இருந்த எங்களுக்கும் தெரியாது, மறுநாள் பேப்பர் பாத்துட்டு எங்கப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு, இந்த ஆளுகிட்ட தோத்ததுல அவமானமில்லன்னாருன்னு. துறைமுகப் பெரியவர் உடனே அவரு பக்கம் நாற்காலிய நகத்திப் போட்டுக்கிட்டாரு.

மேட்ச்ச முழுசாப் பாத்தா சாட்லர் மட்டுமில்லன்னு தெரியுது. சவுத்ஸோட எரிக் சிம்ஸ் நாலு ஃபீல்டு கோல், அதாவது ஆட்டம் ஓடுறப்பவே கம்பத்துக்கு நடுவுல உதைக்கிறது, அப்ப ஒண்ணுக்கு ரெண்டு பாயிண்ட், ஆக அதுலயே எட்டு. ட்ரைக்கே மூணு பாயிண்ட்தான் அந்தக் காலத்துல! மறு வருஷமே ஃபீல்டு கோல ஒரு பாயிண்டாக் குறைச்சுட்டாங்க. கோச் கிளைவ் சர்ச்சில். ஃபைனல்ல சிறந்த ஆட்டக்காரருக்கு அவரு பேருல குடுக்குற மெடலத்தான் 2014-ல சவுத்ஸோட சாம் பர்ஜெஸ் வாங்கினாரு, அதுவும் ஃபைனலோட முதல் மோதல்லயே கன்னத்து எலும்பு உடைஞ்சு, எம்பது நிமிஷமும் ஆடி, 30-6-ன்னு ஜெயிச்சு. நடுவுல 43 வருஷம் சவுத்ஸுக்கு ஒரு கப்பு இல்ல. 1999-ல போட்டியிலேர்ந்தே தூக்கிட்டாங்க, ஊரே தெருவுல எறங்கிச்சு, கோர்ட்டுக்குப் போய் 2002-ல திரும்ப வந்தாங்க. அந்த ஊர்வலத்துல பாட்டியும் போயிருக்காங்க, சாட்லர் ஜெர்சிதான் போட்டிருந்தேன்னு சொல்றப்ப முகத்துல அவ்வளவு பிரகாசம்.

உலகக் கோப்பைய அவரு இழந்தத யாரும் அதிகம் பேச மாட்டேங்கிறாங்க. அதே 1970 கடைசியில இங்கிலாந்துல உலகக் கோப்பை, தாடையால அவரால போக முடியல, ரான் கூட் ஆஸ்திரேலியா கேப்டனாப் போயி லீட்ஸ்ல கிரேட் பிரிட்டன 12-7-ன்னு ஜெயிச்சு கப்போட வந்தாரு. அந்த எழுவது நிமிஷத்துக்கு சாட்லர் கொடுத்த விலைய எலும்போட மட்டும் கணக்குப் போடக் கூடாது.

வீடியோ முடிஞ்சதும் மேன்லிக்காரர் விட்டாரா, 1972-ல உங்க ஓ'நீலும் ரே பிரானிகனும் எங்ககிட்டதானே வந்தாங்க, எங்களுக்கு முதல் கப்பே அந்த வருஷம்தானேன்னு ஆரம்பிச்சுட்டாரு. கிளப்ல காசு இல்லாமப் போச்சுய்யா, இல்லாட்டி அவங்க வருவாங்களான்னு துறைமுகப் பெரியவர். ரான் கூட்டும்கூட ரூஸ்டர்ஸுக்குத்தான் போனாரு. டின்னர் மணி அடிச்சும் ரெண்டு பேரும் எந்திரிக்கல.

20 செப்டம்பர், புதன்

மார்ச்ல கோபப்பட்ட அந்தம்மா இன்னிக்கு வந்திருந்தாங்க. நேத்து மேட்ச் போட்டப்ப உங்கப்பாவும் உக்காந்து பாத்தாரு, சிம்ஸ் உதைக்கிறப்பல்லாம் கைதட்டினாருன்னு சொன்னேன். "பாக்கட்டும், ஆனா பேரன் ஆட மாட்டான்"னாங்க. சரிதான்னேன், நிஜமாவே சரிதான். அப்புறம் அவங்களே, அடுத்து எதப் போடப் போறீங்கன்னு கேட்டாங்க. 1971 ஃபைனல், செயின்ட் ஜார்ஜோட, 16-10, தாடை ஆறி வந்து சாட்லர் மறுபடி கேப்டனா ஜெயிச்ச மேட்ச். வீடியோ முழுசாக் கிடைக்குதான்னு தேடணும், சனிக்கிழமை மத்தியானம்னா அப்பாவோட உக்காந்து பாக்க நானும் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.