ஓடாத மார்கழி

டிசம்பர் 3, செவ்வாய்

மழை விட்டாச்சு. புயல் சாக்குல எங்க ஓட்டக் குரூப்ல யாரும் ஓடல, இடுப்பு வலியால ஓட முடியாத எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. இன்னிக்கு எல்லாரும் எலியட்ஸ் பீச்சுக்குத் திரும்பிட்டாங்க, ஷ்மிட் மெமோரியல் முன்னாடி குரூப் போட்டோ, பின்னாடி அலை. குரூப்பை ம்யூட் பண்ணினேன். காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள அன்ம்யூட்.

டிசம்பர் 5

ஆர்த்தோ டாக்டர். எங்க வலிக்குதுன்னு கேட்டார். கட்டைவிரலைப் பின்பக்கமும் ஆள்காட்டிவிரலை முன்பக்கமும் வச்சு இடுப்பைக் கவ்விக் காட்டினேன். தலையாட்டினார், எல்லாரும் இப்படித்தான் காட்டுவாங்களாம், இதுக்கு சி சைன்னு பேராம். படுக்க வச்சு முட்டியை மடக்கி, எதிர்த் தோள் பக்கமா தள்ளி, பாதத்தை வெளிப்பக்கமா இழுத்தாரு பாருங்க, ஆத்தாடி. வெளில உட்கார்ந்திருந்த இவருக்கே என் சத்தம் கேட்டிருக்கு.

எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல. அதுக்குள்ள சந்தோஷப்படாதீங்க, தொடை எலும்போட கழுத்துப் பகுதியில மெல்லிசா ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் இருந்தா ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐ பார்த்துடுவோம், அதுவரைக்கும் ஓடாதீங்க, குதிக்காதீங்கன்னார். ஓடாதீங்கன்னது கூட பரவால்ல. குதிக்காதீங்கன்னு சொன்னதுல இருந்து ஒத்தக் கால்ல குதிச்சுப் பார்க்கணும் போலயே இருக்கு.

டிசம்பர் 6

அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தா, முதுகுல. வலி முன்னாடி, தொடை மடியற இடத்துல. சொன்னா கேக்கணுமே.

டிசம்பர் 9

வைட்டமின் டி கம்மி, 14. இந்த வெயில்ல, இந்த ஊர்ல! விடியறதுக்கு முன்னாடி ஓடி முடிச்சு, அப்புறம் பேங்க் ஏசியில சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தா எங்கேர்ந்து வரும்னு டாக்டரே சொல்றார். அறுபதாயிரம் யூனிட், வாரம் ஒண்ணு.

தூக்கம் வரல. எலும்புக் கழுத்துல மேல்பக்கம் விரிசல்னா ஸ்க்ரூ போடுவாங்க, கீழ்ப்பக்கம்னா பெரும்பாலும் ஊன்றுகோலோட ஓய்வு, இதெல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு படிச்சா எவளுக்குத் தூக்கம் வரும், எனக்கு மேல்பக்கமா கீழ்ப்பக்கமா, வயசு 44 ஆச்சு, பீரியட்ஸ் வேற ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி வருது, எலும்பு ஏற்கனவே கரைய ஆரம்பிச்சிருக்குமோ, பாட்டி பாத்ரூம்ல விழுந்து தொடை எலும்பு உடைஞ்சதுதான், அதுக்கப்புறம் அவ எழுந்துக்கவே இல்ல. எங்க வீட்ல யாரும் அதைப் பேசறதில்ல, ஆனா நான் நொண்டும்போது அம்மா பார்க்கற பார்வை அதான்.

பாத்ரூம்ல ஒத்தக் கால்ல நின்னேன். குதிக்கல.

டிசம்பர் 12

குகேஷ் ஜெயிச்சுட்டான்!! பதினெட்டு வயசு, நம்ம சென்னைப் பையன், உலக செஸ் சாம்பியன். கடைசி கேம்ல அந்த சீனாக்காரர் யானையைத் தப்பா நகர்த்தினதும் இவன் தண்ணி குடிச்சுட்டு முகத்தை மூடிக்கிட்டான் பாருங்க. அப்புறம் போர்டுலயே அழுதான். பொண்ணு சோபா மேல ஏறிக் குதிக்கறா. நானும் குதிக்கப் போனேன், பாதியில பிரேக் போட்டேன்.

டிசம்பர் 13

எம்ஆர்ஐ. வளையல், மெட்டி, தாலிச் செயின் எல்லாம் கழட்டி ஒரு கவர்ல போட்டு இவர் கையில கொடுத்தேன். அம்மாவுக்கு என் கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது, காலைலயே மஞ்சக் கயிறு கட்டி அனுப்பியிருந்தா. டெக்னீஷியன் பொண்ணு பார்த்துட்டு, கயிறு இருக்கட்டும்மா, எல்லாரும் இப்படித்தான் வர்றாங்கன்னு சிரிச்சுது. காதுல பஞ்சு வச்சும் அந்த டக்டக்டக் சத்தம் நிக்கல. நடுவுல அதோட தாளத்துக்கு ஸ்டெப் எண்ண ஆரம்பிச்சுட்டேன். என் வழக்கமான வேகத்தை விட ஜாஸ்தி அது.

டிசம்பர் 14

ரிப்போர்ட் மொபைல்ல வந்துடுச்சு. டாக்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடி படிக்கக் கூடாதுன்னு இவர் சொல்லிக்கிட்டே இருக்கும்போது படிச்சு முடிச்சுட்டேன். ஃப்ராக்சர் இல்ல. மஜ்ஜையில வீக்கமும் இல்ல. அழுதுட்டேன்.

அப்புறம் அடுத்த வரி. லேப்ரல் டியர். இடுப்பு மூட்டுக் கிண்ணத்தோட விளிம்புல இருக்கற குருத்தெலும்பு வளையம் முன்பக்கம் மேல கிழிஞ்சிருக்கு. கூடவே க்ளூட்டியஸ் மீடியஸ்னு இடுப்போட பக்கவாட்டுத் தசை, அதோட தசைநார்ல தேய்மானம். அழுகை நின்னு கூகுள் ஆரம்பம். டென்னிஸ் ஆடற ஆண்டி மர்ரேல போய் நின்னேன், 2019 ஜனவரியில இடுப்புல மெட்டல் வச்சுக்கிட்டு அக்டோபர்ல ஆண்ட்வெர்ப்ல சிங்கிள்ஸ் ஜெயிச்சிருக்கார் மனுஷன். அவருக்கு இருந்த பிரச்சனை வேற, என்னோடது வேற. தெரியும். இருந்தாலும் அந்த மேட்சை முழுசா பார்த்தேன்.

டிசம்பர் 16

மார்கழி 1. கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை. மத்த வருஷம் இந்தப் பாட்டு கேக்கும்போது நான் அடையாறு பாலத்துல இருப்பேன். கோலம் போட குந்த முடியல, நின்னபடியே குனிஞ்சு போட்டேன், ஒரு பக்கம் கோணிக்கிச்சு. எதிர்வீட்டு மாமி, என்னடி உன் கோலமும் நொண்டுதுங்கறா. போங்க மாமி.

டிசம்பர் 17

டாக்டர் சாவகாசமா சொல்றார், வலியே இல்லாத ஆளுங்களை ஸ்கேன் பண்ணினாக் கூட நிறைய பேருக்கு இந்தக் கிழிசல் இருக்கும்மா, அதனால கிழிசல்தான் வலிக்குக் காரணம்னு சொல்ல முடியாது. இப்ப ஆபரேஷன் வேண்டாம், மூணு மாசம் ஒழுங்கா பிசியோ, அப்புறம் பார்க்கலாம்.

இவருக்கு பரம சந்தோஷம். எனக்கு ஏனோ எரிச்சல். உடைஞ்சிருந்தா உடைஞ்சிருக்கு, இத்தனை வாரத்துல கூடிடும்னு கணக்கு சொல்லலாம். இது இருக்கு, ஆனா காரணம் இது இல்லாமலும் இருக்கலாம், சரியாகும், ஆனா எப்பன்னு தெரியாது. ஆபீஸ்ல யாராவது என்னாச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்ல.

டிசம்பர் 18

அஷ்வின் ரிட்டயர்ட். தொடர் பாதியில, பிரிஸ்பேன்ல. 537 விக்கெட்டாம், இன்னிக்குப் போய்.

டிசம்பர் 21

பிசியோ சின்னப் பொண்ணு, மிரட்டறதுல என் பத்தாங்கிளாஸ் கணக்கு டீச்சர். கண்ணாடி முன்னாடி இடது கால்ல மட்டும் நிக்கச் சொல்லுச்சு. வலது பக்க இடுப்பு கடகடன்னு கீழ இறங்குது! எத்தனை வருஷமா இப்படித்தான் ஓடியிருக்கேனோ, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு பக்கம் சரிஞ்சு சரிஞ்சு. இடுப்பைச் சமமாப் பிடிச்சு வச்சுக்க வேண்டிய தசையே வேலை செய்யலயாம். பிரிட்ஜ், சைடு பிளாங்க், ரப்பர் பேண்டு கட்டிக்கிட்டு நண்டு நடை. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தா முட்டிக்கு நடுவுல தலகாணி. கால் மேல கால் போடக் கூடாது, சம்மணம் இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொண்ணும் சொல்லுச்சு. "அக்கா, நீங்க தினமும் அழுத்திப் பாக்கறீங்க, மடக்கிப் பாக்கறீங்கல்ல? அது ஒவ்வொண்ணும் அந்த ஜாயிண்ட்டை நோண்டறதுதான். நிறுத்துங்க."

யார் சொன்னது இதுகிட்ட.

டிசம்பர் 22

அழுத்திப் பார்க்கல. (ஒரு தடவ.)

டிசம்பர் 26

அக்கா கூட கச்சேரிக்குப் போனேன். தனி ஆவர்த்தனம் வர்றதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்கிச்சு, எழுந்து கேன்டீனுக்குப் போயிட்டேன். நின்னுக்கிட்டே ரவா தோசை. சொல்லப்போனா கச்சேரிய விட அதான் நல்லாருந்துச்சு.

டிசம்பர் 29

மாரத்தானுக்கு வாங்கின பிப்பை, அதான் நெஞ்சுல குத்திக்கற நம்பரை, என்ன பண்றதுன்னு குரூப்ல கேக்கறாங்க. நடந்தே முடிச்சுடுங்களேன், மெடலாவது கிடைக்கும்ங்கறார் ஒருத்தர். மெடல் வீட்ல பரண் நிறைய கிடக்கு. எனக்கு வேண்டியது அந்த அஞ்சு மணி இருட்டு, யாரும் அம்மான்னும் மேடம்னும் கூப்பிடாத நேரம். அதை எப்படி ஒருத்தர்கிட்ட சொல்றது, ரெஸ்ட் எடுங்கம்பாங்க. நடைப்பயிற்சி போங்களேன்னு எல்லாரும் சொல்றாங்க, நடந்தா மூளை வீட்டுக் கணக்கையே போட்டுக்கிட்டிருக்கு. ஓடினா மூச்சு மட்டும்தான்.

இன்னிக்கு சைடு பிளாங்க் முப்பது செகண்ட். நடுக்கம் இல்ல.

ஜனவரி 1

குதிச்சேன். ஒத்தக் கால்ல, பிசியோ முன்னாடி, அதுவே சொல்லித்தான். லேசா சுருக்குனுச்சு, பத்துக்கு ரெண்டு இருக்கும். மூணு வரைக்கும் ஓகே, மறுநாள் காலைல ஏறாம இருக்கணும்னு கணக்கு.

ஜனவரி 2

ஏறல!!!

ஜனவரி 5

மாரத்தானுக்குப் போகல. போட்டோ எல்லாத்துக்கும் ஹார்ட் போட்டேன்.

ஜனவரி 8

ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை, திரும்பத் திரும்ப, பீச் ரோடுல. சின்னச் சின்ன ஸ்டெப்பா வேகமா வைங்க, ஜாயிண்ட்டுக்கு பாரம் குறையும்னு மெட்ரோனோம் ஆப் போட்டு விட்டிருக்கு பிசியோ. காதுல டிக் டிக். முதல் நிமிஷம் முழுக்க இடுப்பையே கவனிச்சுக்கிட்டு ஓடினேன், மூச்சு எங்க போச்சுன்னே தெரியல. நாலாவது ரவுண்டுல ஒரு நாய் குறுக்க வந்துச்சு, திட்டிக்கிட்டே ஒதுங்கி ஓடினேன், அப்பதான் தோணுச்சு, கொஞ்ச நேரமா இடுப்பு ஞாபகமே இல்லன்னு. உடனே ஞாபகம் வந்துடுச்சு.

ஜனவரி 9

காலைல ஒரு பிடிப்பு. பத்துக்கு மூணா நாலா? மூணுன்னு எழுதி அனுப்பினேன். நாலுன்னு நினைக்கறேன்.

ஜனவரி 11

பொங்கலுக்கு தஞ்சாவூர். பஸ்ல அவ்வளவு நேரம் உட்கார்ந்தே போகணும், ஸ்லீப்பர் கிடைக்கல. நடைபாதைப் பக்கம் சீட் மாத்திக் கேக்கணும், இடது காலை நீட்ட வசதியா எந்தப் பக்கம்னு இவர்கிட்ட கேட்டா டிரைவர் பக்கமா கண்டக்டர் பக்கமான்னு திருப்பிக் கேக்கறார். ஷூவை எடுத்து வைக்கலாமா வேண்டாமா. ஆத்தங்கரை மண் ரோடு, சரிவு வேற. பிசியோவுக்கு மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் பாக்கல.