இரண்டு குறைகிறது

12.1.98, திங்கள், ஃபர்வானியா, குவைத்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். ஐநா ஆயுத ஆய்வாளர் ரிட்டரின் குழுவில் அமெரிக்கர்கள்தான் அதிகமாம், அவர் உளவாளியாம், நாளையிலிருந்து வழிவிட மாட்டோம் என்று பாக்தாத் சொல்லிவிட்டது. நவம்பரில்தான் அமெரிக்கர்களைத் துரத்தினார்கள். ரஷ்யாவின் ப்ரிமகோவ் பேசிச் சமாளித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். முழுசாக இரண்டு மாதம் தாங்கவில்லை.

நோன்பு மாதம். இரண்டு மணிக்கே ஸ்டோரைப் பூட்டியாச்சு.

14.1.98

ரைஸ் குக்கரில் பொங்கல். மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்ததைப் பொங்கியதாக வைத்துக்கொண்டோம். மட்டக்களப்புத் தம்பிதான் “பொங்கலோ பொங்கல்” என்றான், அதுவும் மெதுவாக. பாய்க்கு நோன்பு, மூடிவைத்திருக்கிறது.

17.1.98

பிப்ரவரிக் கடைசியில் ஆடிட் வருகிறதாம். முதீர், அதாவது எங்கள் மேனேஜர், டீ கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

ஏசி கம்ப்ரசர். வந்தது 40. பின் கார்டில் (இருப்புக் கணக்கு அட்டையில்) 40. அலமாரியில் 38.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். போன ஆகஸ்ட், வியாழக்கிழமை ராத்திரி, வெயில் இறங்கியும் 40 டிகிரி. முதீர் போன் செய்து அவருடைய சிநேகிதர் வீட்டுக்கு இரண்டு ஏற்றி அனுப்பச் சொன்னார். டெலிவரி நோட்டைச் சனிக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்றார். அந்தச் சனிக்கிழமை இன்னும் வரவில்லை.

18.1.98

சதாமுக்கும் இரண்டுதான் குறைகிறது. சோவியத்திடம் வாங்கிய ஸ்கட் ஏவுகணை 819. ஐநா கணக்கில் நேரானது 817.

22.1.98

ஐநா ஆய்வாளர்களின் தலைவர் பட்லர் பாக்தாத் போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். எட்டு மாளிகை வளாகங்களில் யாரும் கால் வைக்கக் கூடாதாம், அந்தப் பேச்சே ஏப்ரலுக்கு அப்புறம்தானாம். மாளிகை என்றால் அரண்மனை ஒன்று என்று நினைத்திருந்தேன். உள்ளே ஆயிரத்துக்கும் மேல் கட்டிடங்கள் என்கிறார்கள்.

ரூமில் எல்லாரும் ‘எதை ஒளித்து வைத்திருக்கிறான்’ என்றுதான் பேசுகிறார்கள். நான் பதினோரு வருஷமாக ஸ்டோர் பார்க்கிறவன், எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. 1991 கோடையில் இவர்களே கொஞ்சம் சரக்கை ரகசியமாக உடைத்துப் புதைத்தார்கள். ஐநா ஆளைக் கூப்பிடவில்லை, ஒழுங்காக எழுதியும் வைக்கவில்லை. அப்புறம் ‘எல்லாம் அழித்துவிட்டோம், நம்புங்கள்’ என்றால் எந்த ஆடிட்டர் நம்புவான்? சரக்கு இருந்தால் காட்டலாம். இல்லாத சரக்கை எப்படிக் காட்டுவது? அதற்குக் காகிதம் ஒன்றுதான் சாட்சி.

ஐயோ பாவம் என்றும் சொல்லவரவில்லை. கிருமி வளர்க்கிற தீனி 39 டன் இறக்குமதி செய்துவிட்டு ‘ஆஸ்பத்திரிக்கு’ என்றார்கள். அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வருஷத்துக்கு 200 கிலோகூட ஆகாது. அதில்தான் மாட்டினார்கள். யாரும் சுவரைத் தட்டிக் கண்டுபிடிக்கவில்லை. வந்த அளவையும் தீர்ந்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். 17 டன் உதைத்தது. 1995 கோடைவரை கிருமி ஆயுதம் செய்ததே இல்லை என்று சாதித்தவர்கள் இவர்கள். ஆகஸ்டில் சதாமின் மருமகன் ஹுசைன் கமேல் ஜோர்டானுக்கு ஓடியபிறகு, அவனுடைய கோழிப்பண்ணையில் பெட்டி பெட்டியாகக் காகிதம் ‘கிடைத்தது’. எல்லாம் அவன் ஒளித்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள்.

முதீரும் அதையேதான் சொல்லப்போகிறார். கோழிப்பண்ணைதான் இல்லை.

23.1.98

வெள்ளிக்கிழமை. போன் ஆபீஸில் ஒன்றரை மணி நேரம் வரிசை. “ஏனுங்க, குண்டு போடுவாங்களாமா? வந்துருங்க” என்கிறாள். எட்டாம் மாசத்தில் இதையெல்லாம் டிவியில் பார்க்காதே என்றேன். பார்க்கிறாள்.

28.1.98

கிளின்டன் பேச்சு. உலகத்தின் விருப்பத்தை மீற முடியாது என்று சதாமுக்குச் சொல்கிறார். கீழே எழுத்து ஓடுவது அந்த மோனிகா பெண்ணைப் பற்றி.

பாஸ்போர்ட் கேட்டேன். இரும்புப் பெட்டியில் இருக்கிறது, சாவி கஃபீலிடம் (ஸ்பான்சர் முதலாளி), கஃபீல் லண்டனில், பெருநாளுக்கு வருவார். போன பெருநாளுக்கும் இதே பதில்தான்.

3.2.98

கஃபீல் வரவில்லை.

8.2.98

பக்காலா மளிகைக் கடையில் அகலமான டேப் தீர்ந்துவிட்டது. விஷவாயு வந்தால் என்று சமையலறை ஜன்னலை மட்டும் பிளாஸ்டிக்கால் ஒட்டினோம். ஐந்து பேரும் சமையலறையில் நிற்க முடியுமா என்று நின்று பார்த்தோம். முடிகிறது, கேஸ் சிலிண்டரை வெளியே வைத்தால்.

ரூமில் இருக்கிற மலையாளி இக்கா ஒட்டவில்லை, சிரிக்கிறார். 1990-ல் இங்கிருந்து பாக்தாத், பாக்தாதிலிருந்து ஜோர்டான் எல்லை, பாலைவனக் கூடாரத்தில் பதினெட்டு நாள், அப்புறம் அம்மானிலிருந்து ஏர் இந்தியா. பாஸ்போர்ட் இருந்தவன் முதல் வாரமே போனான் என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்தபடி இருக்கின்றன. சவூதி தன் மண்ணிலிருந்து தாக்க விடமாட்டேன் என்கிறது. இங்கே எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. அடித்தால் அவன் திருப்பி அடிக்க நாம்தான் பக்கம்.

11.2.98

38.

14.2.98, சனி

போன் போகவில்லை. ஆறு தடவை. கோயமுத்தூர் லைன் எல்லாமே பிஸி என்கிறான் கவுண்டர்க்காரன். இன்றைக்குத்தான் ஆர்.எஸ்.புரத்தில் ஸ்கேன்.

தமிழோசையில் கேட்டேன். எழுத முடியவில்லை.

15.2.98

காலை நாலரைக்குக் கிடைத்தது. ஸ்கேனை வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டாளாம், டாக்டர் சனிக்கிழமை ஊருக்குப் போகிறார் என்று. அவ்வளவுதான் காரணம். மாமனார் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் நடந்தே திரும்பியிருக்கிறார். அத்வானி கூட்டத்துக்கு வைத்த குண்டுகள், அவர் விமானம் தாமதம் என்கிறார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

பாயும் என் பக்கத்துக் கூண்டில்தான் நின்றார். அவர் தம்பி குடும்பம் கோட்டைமேட்டில். அவருக்கு லைன் கிடைக்கவில்லை. ரூமுக்கு நடந்து வரும்போது ஏதாவது பேச வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் என் பையை வாங்கிக்கொண்டார்.

16.2.98

பாய் தம்பி பேசிவிட்டார். இரண்டு நாளுக்கு அப்புறம் பாய் சாப்பிட்டார். நான் பரிமாறினேன்.

17.2.98

குண்டு இங்கே விழும் என்று அவளுக்குப் பயம் சொல்லிக்கொண்டிருந்தேனே.

19.2.98

ஒஹையோவில் ஒரு பெரிய அரங்கம். ஆல்பிரைட், கோஹன், பெர்கர் மூன்று பேரும் போரை விளக்க உட்கார்ந்தார்கள். கூட்டம் பேசவிடவில்லை, கத்துகிறது. இக்கா டிவி அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மந்திரிகளை எதிரே உட்காரவைத்துக் கத்தலாம், கத்திவிட்டு வீட்டுக்கும் போகலாம். எங்கள் எல்லாருக்கும் அதுதான் அதிசயமாக இருந்தது.

20.2.98

ஐநா பொதுச் செயலர் கோஃபி அன்னான் பாக்தாத் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே நாளில் இராக் ஆறு மாதத்துக்கு விற்கக்கூடிய எண்ணெய் 200 கோடி டாலரிலிருந்து 520 கோடியாக உயர்ந்தது. ஒரு கையில் கம்பு, ஒரு கையில் கரும்பு என்று பாய் சொன்னார். இக்காவுக்குக் கோபம். “கரும்போ? குட்டிகள் மருந்தில்லாமல் மரிக்குன்னு. அது கடன், பாய்” என்றார். அவர் சொல்வதும் சரி. கணக்கு வராததற்கு ஏழரை வருஷமாகப் பட்டினி கிடப்பது கணக்கு எழுதியவன் இல்லை.

22.2.98

தூக்கமில்லை. அன்னான் தோற்றால் செவ்வாயோ புதனோ என்கிறார்கள். ஆடிட் வியாழனிலிருந்து சனிக்குத் தள்ளிப்போனது, தேசிய தினம் குறுக்கே வருகிறதென்று. எனக்கு இரண்டு தேதியும் ஒன்றாகக் குழம்புகிறது.

பின்னால் இருக்கிற சிறிய அறையைப் பூட்டி, சாவியை முதீரிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். அறையில் பழைய டக்ட், உடைந்த கிரில், வேறொன்றும் இல்லை. ஆனால் பூட்டிய அறை இருந்தால், அந்த இரண்டும் உள்ளே இருக்கலாம் என்று ஆகிவிடும். காலியான அறைக்குக் காவல் போட்டால் அதற்கு மதிப்பு வருகிறது.

மாளிகைகளிலும் அதுதானா?

23.2.98

கையெழுத்தாகிவிட்டது! அன்னானும் இராக்கின் தாரிக் அஸீஸும். எட்டு இடங்களும் திறக்கப்படும், ஆய்வாளர்களோடு தூதர்களும் கூடவே போவார்கள், மரியாதைக்காக. ஜன்னல் பிளாஸ்டிக்கைப் பிய்த்தோம். பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது. வீட்டுக்காரன் கேட்டால் பாக்தாதில் போய்க் கேட்கச் சொல்ல வேண்டியதுதான்.

25.2.98

தேசிய தினம். கார் ஹாரன், கொடி, நுரை ஸ்ப்ரே. நியூயார்க் திரும்பிய அன்னான், சதாமோடு காரியம் பேச முடியும் என்றிருக்கிறார். ராஜதந்திரத்துக்குப் பின்னால் பலமும் இருந்தால் இன்னும் நிறையச் செய்யலாம் என்றும். என் பின்னால் என்ன இருக்கிறது? ஒரு பின் கார்டு.

28.2.98, சனி

ஆடிட்டர் எங்கள் பக்கத்து ஆள், பாலக்காடு. நல்ல மனிதர். கம்ப்ரசர் அலமாரிக்கு மூன்றாவதாக வந்தார். எண்ணினார். என்னைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

“பேக் ரூம்?”

சாவி என் சட்டைப் பையில். முதீரிடம் இருக்கிறது என்றேன். முதீர் ஸ்டோர் கீப்பரிடம் இருக்கிறது என்றார். இருபது நிமிஷம் மூன்று பேரும் வராந்தாவில் நின்றோம். 1991-ல் ஐநா ஆட்கள் 44 பேரை பாக்தாதில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் நாலு நாள் நிறுத்திவைத்தார்கள், எடுத்த காகிதங்களைத் திருப்பிக் கொடு என்று. அந்த 44 பேரும் வெயிலில் என்ன பேசியிருப்பார்கள்?

நானே திறந்துவிட்டேன். அவர் பழைய டக்ட்டைப் பார்த்தார். ஏமாந்துபோனவர் மாதிரித்தான் இருந்தார்.

1.3.98

முதீர் கூப்பிட்டார், சிரித்த முகம். பற்றாக்குறை என் பொறுப்பு என்று ஒரு கடிதம், எட்டு மாதத் தவணையில் பிடித்துக்கொள்வார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பாஸ்போர்ட்டும் நாற்பது நாள் லீவும். சாவி கஃபீலிடம் இல்லை, முதீர் மேஜையிலேயே இருந்தது. எனக்கு முன்னால் திறந்தார்.

போட்டுவிட்டேன். எழுதியிருப்பது பொய் என்று எழுதிவைக்க இந்த நோட்டைத் தவிர இடமில்லை.

4.3.98

பாதுகாப்பு சபையின் 1154-ஆம் தீர்மானம். மீறினால் மிகக் கடுமையான விளைவு. என்ன விளைவு, யார் முடிவு செய்வது என்பதில் ரஷ்யாவும் பிரான்சும் சீனாவும் ஒரு பக்கம், அமெரிக்கா மறு பக்கம். எல்லாரும் ஒரே காகிதத்தில் வேறு வேறு வாக்கியம் படிக்கிறார்கள்.

மாளிகைப் பார்வைக் குழுவுக்குத் தலைவர் இலங்கையின் ஜயந்த தனபால. மட்டக்களப்புத் தம்பி செய்தியை இரண்டு தடவை கேட்டான். “ஆயுதம் களையிறதுக்கு எங்கட நாட்டில இருந்து ஆள் எடுத்திருக்கினம் அண்ணே” என்றான். சிரித்தானா என்று இருட்டில் தெரியவில்லை. ஜனவரியில்தான் கண்டியில் புத்தர் கோயிலான தலதா மாளிகையில் குண்டு.

9.3.98

டிக்கெட் 14-ஆம் தேதி.

19.4.98

திரும்பிவிட்டேன். பெண் குழந்தை, 2 கிலோ 900. பெயர் இன்னும் முடிவாகவில்லை, அப்புச்சியும் என் அம்மாவும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள்.

மாளிகை அறிக்கை வந்திருக்கிறது. அறைகள் துடைத்துவைத்ததுபோல் இருந்தனவாம். ஆபீஸ் என்கிற இடத்தில் காகிதமே இல்லை, கம்ப்யூட்டர் இல்லை.

பாலக்காட்டுக்காரரின் முகம் ஞாபகம் வந்தது.

25.7.98

விமானப்படை அலுவலகத்தில் ஒரு காகிதம் அகப்பட்டிருக்கிறது. ஈரான் போரில் ரசாயன குண்டு எத்தனை போட்டோம் என்கிற கணக்கு. ஆய்வாளர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்களாம். இத்தனை நாள் காகிதம் இல்லை, இல்லை என்றவர்கள். இருந்திருக்கிறது. யாரோ ஒரு ஸ்டோர் கீப்பர் ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறான். அவன் இப்போது எங்கே என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

தவணை ஐந்தாவது.

1.11.98

நேற்றோடு எல்லா ஒத்துழைப்பும் நிறுத்தம். கடைசித் தவணையும் முடிந்தது.

15.11.98

விமானங்கள் கிளம்பிப் பாதி வழியில் திரும்பினவாம். பாக்தாதிலிருந்து கடிதம் வந்ததாம். பாய் டேப் வாங்கி வந்திருக்கிறார், யாரும் ஒட்டவில்லை.

17.12.98, வியாழன்

நள்ளிரவுக்கு மேல் தொடங்கிவிட்டது. ஆய்வாளர்கள் முந்தின நாளே வெளியேறிவிட்டார்கள். டிவியில் பச்சை நிறத்தில் பாக்தாத். இக்கா எழுந்து டீ போட்டார், ஐந்து பேருக்கும்.

சைரன் இல்லை. வழக்கம்போல் வரச் சொல்லி முதீர் போன். துறைமுகத்திலிருந்து 60 கம்ப்ரசர் வருகிறது, இறக்கணும். டெலிவரி நோட் புத்தகம் தீர்ந்துவிட்டது. புதுசு கேட்டு எழுதிக்கொடுத்து மூன்று வாரம் ஆகிறது.